முதலில் காது, பிறகு கை

கொல்லையில் பல வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த ஹீரோ ஹோண்டா சிடி 100-ஐ வெளியே எடுத்துச் சரிசெய்து ஓட்டும் ஆசை இன்றைய பிள்ளைகளிடம் பெருகியிருக்கிறது. அப்பா முதல் சம்பளத்தில் வாங்கியது, தாத்தா வயலுக்குப் போய்வந்தது என்று ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குடும்பக் கதை இருக்கிறது. பெயின்ட் அடித்து, சீட் தைத்து, ஆசையாகப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். கிக்கரை உதைத்ததும் இன்ஜினின் இடப்பக்கத்திலிருந்து 'கறகற' என்று ஒரு சத்தம் கிளம்புகிறது. "டைமிங் செயின் சத்தம் ஐயா. பிரித்து மாற்றிவிடலாமா?" என்று கேட்கிறார்கள்.

இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் அதற்கு விரிவாகப் பதில் சொல்கிறேன். நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். சத்தம் எதனுடையது என்று உங்கள் காதுக்குத் தெரியும்வரை கையில் ஸ்பேனரை எடுக்காதீர்கள். வண்டிக்கு இது எவ்வளவு பொருந்துமோ, உங்கள் வேலைக்கும் வீட்டுக்கும் மனசுக்கும் அவ்வளவு பொருந்தும்.

மறக்கப்பட்ட ஆயில்

1985-ல் சிடி 100 வந்தபோது எங்கள் பட்டறைகளில் நின்றவை பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் வண்டிகள். ராஜ்தூத், யெஸ்டி, பஜாஜ் ஸ்கூட்டர், டிவிஎஸ் 50 எதிலும் டேப்பெட் கிடையாது, டைமிங் செயின் கிடையாது. திருவொற்றியூரில் தயாரான புல்லட் ஃபோர் ஸ்ட்ரோக்தான் என்றாலும், அதன் வால்வைத் தூக்குவது புஷ் ராடு; கேமைச் சுற்றுவது பல்சக்கரம். ஹெட்டுக்குள்ளேயே கேம் வைத்து, அதை மெல்லிய செயினால் சுற்றும் இன்ஜின் எங்களில் பலருக்குப் புதிது. ஜப்பானில் சூப்பர் கப் என்ற சின்ன வண்டிக்காக ஹோண்டா வளர்த்தெடுத்த இன்ஜின் வகை அது. 97.2 சிசி, படுத்த மாதிரி சிலிண்டர், ஊசி விழுந்தால் கேட்கும் அளவுக்கு அமைதியான ஓட்டம்.

பெட்ரோலை ஊற்று, மூடியை மூடு, மறந்துவிடு என்ற பொருளில் அதற்கு ஒரு விளம்பரம் வந்தது. நாடே அதை நம்பியது. பெட்ரோல் விஷயத்தில் அது உண்மையும்கூட. ஆனால் மக்கள் ஆயிலையும் சேர்த்து மறந்துவிட்டார்கள். டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஒவ்வொரு முறையும் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றுவோம். அது எரிந்து புகையாகிப் போகும், அடுத்த தடவை புது ஆயில் உள்ளே வரும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஊற்றிய ஆயில் இன்ஜினுக்குள்ளேயே நின்று சுற்றிக்கொண்டிருக்கும். கிரான்க், கிளட்ச், கியர், கேம், செயின் என எல்லாவற்றுக்கும் அந்த ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில்தான் கதி. அது கறுத்து, நீர்த்து, குறைந்துபோனாலும் வண்டி ஓடும். புகை வராது, நிற்காது, முறையிடாது. முதலில் வாய் திறப்பது டைமிங் செயின்தான்.

பிள்ளைகளே, எது முறையிடாமல் உழைக்கிறதோ அதைத்தான் நாம் முதலில் மறக்கிறோம். வீட்டில் அம்மாவின் முழங்கால் வலி, கடையில் ஒருநாளும் லீவு கேட்காத உதவியாள், உங்கள் சொந்தத் தூக்கம் எல்லாம் இந்த வரிசையில் வருபவை. ஓடுகிறது என்பதாலேயே நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். நாள் குறித்து வைத்துக் கவனியுங்கள்.

தேய்மானத்தின் கணக்கு

செயின் செய்யும் வேலையைக் கொஞ்சம் பாருங்கள். மேக்னெட்டுக்குப் பின்னால் கிரான்க்கில் ஒரு சின்ன பல்சக்கரம், ஹெட்டில் கேமோடு சேர்ந்த பெரிய பல்சக்கரம். பெரியதில் பல் சரியாக இரண்டு மடங்கு. அதனால் கிரான்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் இன்ஜின் ஓடினால், ஒரு விநாடிக்குள் கிரான்க் 100 தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு வால்வும் 50 தடவை திறந்து மூடுகிறது. இத்தனையையும் இம்மி பிசகாமல் ஒத்துப்போக வைப்பது விரல் அகலம்கூட இல்லாத அந்தச் செயின். நடுவில் அதை ஒழுங்குபடுத்தும் இன்னொரு சின்ன பல்சக்கரம் உண்டு. அதன் தண்டுதான் ஆயில் பம்பையும் சுற்றுகிறது. செயின் ஓடினால்தான் ஆயில் ஓடும்; ஆயில் ஓடினால்தான் செயின் பிழைக்கும்.

நாளாக ஆகச் செயின் நீள்கிறது. இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கும் பின்னும் புஷ்ஷும் உரசி உரசித் தேய்கின்றன. ஒரு பின்னில் 0.02 மில்லிமீட்டர் தேய்ந்தால் கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது. தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை. ஆனால் அப்படி எண்பது கண்ணி சேர்ந்தால் மொத்தம் 1.6 மில்லிமீட்டர். அந்தத் தளர்வில் செயின் அலைந்து சுவரில் உரசும், அலுமினியம் பொடியாகி ஆயிலில் கலக்கும். வால்வு திறக்கும் நேரம் தள்ளிப்போகும், இழுவை குறையும். கவனிக்காமலே விட்டால் ஒருநாள் பல் தாவும்.

பெரிய நஷ்டங்களில் பல இப்படித்தான் வருகின்றன. நண்பரிடம் வாங்கிய கைமாற்றைத் திருப்பித் தருவதில் ஒரு வாரத் தாமதம், கொடுத்த வாக்கில் ஒரு சின்னப் பிசகு, படிப்பில் தள்ளிப்போட்ட ஒரு பாடம் என்று தனியாக எடுத்தால் எதுவும் பெரிதில்லை. எண்பது சேர்ந்த பிறகு எது முதலாவது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஒன்றாக இருக்கும்போதே சரிசெய்யுங்கள்.

கேட்கும் கலை

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி, சேர்ந்த புதிதில் பையன்கள் கையில் ஸ்பேனர் தரமாட்டார். வண்டியை ஸ்டார்ட் செய்து விடுவார். கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொல்வார். "என்ன சத்தம், எங்கே, எப்போ கூடுது, எப்போ குறையுது? நாலுக்கும் பதில் சொல்லு. அப்புறம் திறக்கலாம்" என்பார். அந்த நாலு கேள்வியைத்தான் உங்களுக்கும் தருகிறேன்.

டேப்பெட் இடைவெளி கூடியிருந்தால் ஹெட்டிலிருந்து சீராக 'டிக் டிக்' என்று கேட்கும். ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் அதே தாளத்தில் வேகம் மட்டும் கூடும். சிலிண்டர் தேய்ந்து பிஸ்டன் ஆடினால் 'டொக் டொக்' என்ற மந்தமான சத்தம் வரும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அதிகம், சூடேறியதும் குறையும். டைமிங் செயின் சத்தத்துக்குத் தாளமே இருக்காது. இடப்பக்கம் முழுவதும் 'கறகற'வென்று பரவும். ஐட்லிங்கில் நன்றாகக் கேட்கும். ஆக்ஸிலரேட்டரைத் திருகிச் சட்டென்று விடும்போது இன்னும் எழும்பும்.

எங்கே என்று தெரிய, நீளமான திருப்புளி ஒன்று போதும். நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்துங்கள். சட்டையும் தலைமுடியும் சுழலும் பாகங்களுக்கு அருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட்டின் இடப்பக்கம், சிலிண்டர், மேக்னெட் கவர், கிளட்ச் கவர் என்று ஒவ்வொரு இடமாக நகர்த்துங்கள். மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதுபோல, அவசரமில்லாமல் கேளுங்கள். எங்கே சத்தம் கூர்மையாகிறதோ அங்கேதான் கோளாறு.

ஒரு பையன் உணவு டெலிவரி வேலைக்கு இதே ரக வண்டியை வைத்திருந்தான். வேறொரு கடையில் முழு இன்ஜின் வேலை என்று சொல்லிவிட்டார்கள். பணம் புரட்ட அம்மாவின் வளையலை அடகு வைக்கும் நிலைக்கு வந்துவிட்டான். திருப்புளி வைத்துக் கேட்டோம். பிஸ்டனில் எந்தக் குறையும் இல்லை. ஆயில் அளவுகோலில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. சின்னச் செலவில் வேலை முடிந்தது. வளையல் வீட்டிலேயே இருந்தது. நாலு கேள்வி கேட்க யாருக்கும் பொறுமை இல்லாததால் ஒரு குடும்பத்தின் நகை அடகுக்குப் போக இருந்தது.

உங்களுக்கும் இப்படி நாள்கள் வரும். "இந்த வேலை எனக்கு ஒத்துவரவில்லை, விட்டுவிடுகிறேன்" என்று தோன்றும். "இவரோடு வாழ முடியாது" என்று தோன்றும். அப்போதும் அந்த நாலையும் கேளுங்கள். என்ன உறுத்துகிறது? வேலையா, மேலதிகாரியா, சம்பளமா, போக்குவரத்தா? எந்த நேரத்தில் கூடுகிறது? எந்த நாளில் குறைகிறது? நைட் ஷிஃப்ட் முடிந்த காலையில் மட்டும் வாழ்க்கையே வெறுத்துப்போனால், குறை வாழ்க்கையில் இல்லை, தூக்கத்தில் இருக்கிறது. மனைவியோ கணவரோ ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால், அதை நச்சரிப்பு என்று தள்ளாதீர்கள். வார்த்தைக்குப் பின்னால் எது தேய்கிறது என்று காது கொடுங்கள்.

எளியதிலிருந்து தொடங்கு

கேட்டாயிற்று, இது டைமிங் செயின் பக்கம்தான் என்று தெரிந்தது. அப்போதும் நேராகச் செயினுக்குப் போகக் கூடாது. முதலில் ஆயில். வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, அளவுகோலைத் துடைத்து, திருகாமல் சும்மா வைத்து எடுத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றுங்கள், கறுத்திருந்தால் மாற்றுங்கள். சத்தத்தை அமுக்கக் கெட்டியான ஆயிலை ஊற்றும் வித்தையைச் சிலர் சொல்வார்கள். கொஞ்ச நாள் சத்தம் அடங்கும். கெட்டி ஆயில் குளிர்ந்த இன்ஜினில் மேலே ஏறத் திணறும். கேமும் ராக்கரும் வறண்டு தேயும். சத்தத்தை மறைப்பதும் கோளாறைத் தீர்ப்பதும் வேறு வேறு. இதை எங்கும் மறக்காதீர்கள்.

இரண்டாவது டேப்பெட். இன்ஜின் குளிர்ந்த நிலையில், மேக்னெட்டில் இருக்கும் 'டி' குறியைக் கேஸில் உள்ள குறிக்கு நேராகக் கொண்டுவாருங்கள். இரண்டு வால்வுக்கும் 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் உரசிக்கொண்டு நுழைய வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒரு முழு ஓட்டத்தில் 'டி' குறி இரண்டு தடவை நேருக்கு வரும். ஒரு தடவை பிஸ்டன் காற்றை அழுத்தி முடித்த நிலை. இன்னொரு தடவை புகையை வெளியே தள்ளி முடித்த நிலை. முதல் நிலையில்தான் அளக்க வேண்டும். இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் லேசாக ஆடினால் சரியான நிலை. இறுகியிருந்தால் இன்னொரு சுற்று சுற்றுங்கள். குறி ஒன்றேயானாலும் நிலை இரண்டு. வெளியடையாளம் பொருந்துகிறது என்பதற்காக மனிதர்களையும் அளந்துவிடாதீர்கள். ஒரே மாதிரி பேசாமல் இருக்கும் இருவரில் ஒருவர் நிம்மதியாக இருக்கலாம், மற்றவர் நொறுங்கிப் போயிருக்கலாம். விரலால் தொட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது டென்ஷனர். இன்ஜினின் அடியில் இடப்பக்கம் ஒரு பெரிய போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் ஸ்பிரிங்கும் புஷ் ராடும் வெளியே வரும். ராடின் தலையில் ரப்பர் இருக்கும். அது ஒரு கையைத் தள்ள, கையின் முனையில் இருக்கும் ரோலர் செயினை அணைத்துப் பிடிக்கிறது. ராடு இருக்கும் துளைக்குள் ஆயில் நிறைந்திருக்க வேண்டும். ஸ்பிரிங் தள்ளும், ஆயில் அதிர்வை வாங்கிக்கொள்ளும். பல காலம் நின்ற வண்டிகளில் அந்த ஆயில் வறண்டு, ரப்பர் கல்லாகியிருக்கும். தேய்ந்ததை மாற்றி, துளையில் புது ஆயில் விட்டு மாட்டினாலே பல வண்டிகள் அமைதியாகிவிடும்.

ஹோண்டாவின் பழைய சிபி வகை வண்டிகள் சிலவற்றில் இந்த இறுக்கத்தைக் கையால் சரிசெய்ய வேண்டும். அங்கேயும் நாம் தள்ளக் கூடாது. பூட்டு போல்ட்டைத் தளர்த்தினால் ஸ்பிரிங் தானே தன் அளவுக்குத் தள்ளும்; அந்த நிலையில் பூட்டிவிட வேண்டும். 'இன்னும் கொஞ்சம்' என்று கையால் அழுத்தினால் கறகற போய் ஊளைச் சத்தம் வரும், செயினும் அதைத் தாங்கும் பட்டையும் வேகமாகத் தேயும். பிள்ளை வளர்க்கும்போதும், பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும்போதும் இதை நினைத்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் அலையும், அமுக்கினால் தேயும். தள்ளும் கையும் வேண்டும், அதிர்வை வாங்கிக்கொள்ளும் மனசும் வேண்டும்.

பிரிக்கத்தான் வேண்டுமென்றால்

மூன்றும் சரியாக இருந்தும் சத்தம் நிற்கவில்லையென்றால் செயினைப் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது. அப்போது தயங்காதீர்கள். எளியதில் தொடங்கு என்று சொன்னேன்; கடினமானதைத் தள்ளிப்போடு என்று சொல்லவில்லை.

மேக்னெட்டைப் புல்லர் போட்டுக் கழற்றுங்கள். புல்லர் இல்லையென்று சுத்தியலால் தட்டினால் காந்தம் விரிசல் விடும், கிரான்க்கின் முனை நசுங்கும். சரியான கருவி கையில் இல்லாத நாளில் வேலையை நிறுத்தி வைப்பதும் தொழில் அறிவுதான். செயினை மாற்றும்போது பல்சக்கரங்களையும் ரோலரையும் பாருங்கள். பல் கொக்கியாக வளைந்திருந்தால் அதன்மேல் புதுச் செயின் போட்டுப் பயனில்லை. பழைய பல் புதுச் செயினையும் தின்றுவிடும். இந்த இன்ஜின் வம்சம் 1994-ல் வந்த ஸ்பிளெண்டரிலும் தொடர்ந்ததால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதியது கிடைக்கும். தேயும் பாகத்தை மட்டும் பழைய சாமானில் தேடாதீர்கள்.

மாட்டும்போது மேக்னெட்டில் 'டி' குறி நேராக, கேம் பல்சக்கரத்தின் வட்டக் குறி ஹெட்டின் வெட்டுக்கு நேராக இருக்க வேண்டும். அருகிலேயே இருக்கும் 'எஃப்' குறியைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது தீப்பொறி விழும் இடம். போல்ட்டை இறுக்கியதும் கிக்கரை உதைக்க மனசு துடிக்கும். அடக்குங்கள். வண்டி ஓடும்போது சுற்றும் திசையிலேயே, கிரான்க்கை ஸ்பேனரால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். குறிகள் மறுபடி சேருகின்றனவா, நடுவில் எங்காவது முட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு பல் தவறியிருந்தால் இப்போதே தெரியும். கையால் சுற்றும்போது முட்டினால் திருப்பி எடுக்கலாம். ஓடும் இன்ஜினில் வால்வும் பிஸ்டனும் முட்டினால் எடுப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன், வேலையை விடும் கடிதம் அனுப்பும் முன், கோபத்தில் எழுதியதை ஊருக்கெல்லாம் பகிரும் முன் இந்த இரண்டு சுற்றையும் சுற்றுங்கள். ஒரு தடவை உங்கள் பக்கத்திலிருந்து, ஒரு தடவை எதிரில் இருப்பவர் பக்கத்திலிருந்து. எங்கும் முட்டவில்லையென்றால் துணிந்து உதையுங்கள்.

உண்மையைச் சொல்லும் தொழில்

கடைசியாக, இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கு. வண்டிக்காரருக்குச் சத்தம் மட்டும்தான் தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. அந்த அறியாமையில்தான் உங்கள் நேர்மை சோதிக்கப்படுகிறது. டென்ஷனர் ரப்பர் போனதற்கு இன்ஜின் வேலை என்று சொல்லிக் காசு பார்க்கலாம். இன்ஜின் வேலை தேவைப்படும் வண்டிக்குக் கெட்டி ஆயில் ஊற்றிப் பல்லிளித்து அனுப்பியும் வைக்கலாம். இரண்டையும் செய்யாதீர்கள். கழற்றிய பாகத்தை அவர் கையில் கொடுத்து, "இது தேய்ந்திருந்தது, இதனால் இந்தச் சத்தம், இதற்கு இவ்வளவு" என்று சொல்லுங்கள். கோளாறின் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவனை ஊர் தேடி வரும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு நோட்டு வாங்கி வையுங்கள். ஆயில் மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், டேப்பெட் பார்த்த நாள், கேட்ட சத்தம் எல்லாவற்றையும் எழுதுங்கள். மாதத்தில் ஒருநாள் காலையில், ரேடியோவை நிறுத்தி, போனைத் தள்ளி வைத்து, இன்ஜினைச் சும்மா ஓடவிட்டுக் கேளுங்கள். அதே மாதத்தில் ஒருநாள் வீட்டில் இருப்பவர்களிடமும் உட்கார்ந்து, நடுவில் பேசாமல் கேளுங்கள். கேட்டுப் பழகிய காதுக்குப் பெரிய ரிப்பேர் அடிக்கடி வருவதில்லை. வந்தாலும், எங்கே கை வைப்பது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.